அறுவை அரங்கில் ரோபோ: சிறுநீரியல் மருத்துவர்களின் மனப்பாங்கும் மக்கள் நலனும்

மும்பை மாநகரில் தாராவியை ஒட்டி அமைந்துள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப், பெயருக்கேற்பத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த பகுதியாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தாராவியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்து வருகின்றன. மும்பையில் பணியாற்றிய காலத்தில் இப்பகுதியில் முதியவர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. சிறுநீர் கழிப்பதில் அவருக்குக் கடுந்துன்பம். புராஸ்டேட் சுரப்பி வீங்கியுள்ளது என்று கண்டறியப்பட்டிருந்தது. ரோபோவைக் கொண்டு அறுவை செய்தால் வலியே இராது என்று யாரோ கூறியதைக் கேட்டு, அதற்காகக் கடன் வாங்கலாமா என்று அவருடைய மகன் யோசித்துக் கொண்டிருந்தார்.

முதியவர் கேட்ட கேள்விகள் இரண்டு. "மிஷின் தானா அறுக்குமா சார், இல்ல டாக்டர் அறுப்பாரா?" என்பது முதலாவது. "பையன் எத்தனை நாள் வேலைக்குப் போகாம கூட இருக்கணும்?" என்பது இரண்டாவது. முதற் கேள்வி தொழில்நுட்பத்தின் தன்மையைப் பற்றியது. இரண்டாவது அதன் பொருளாதாரத்தைப் பற்றியது. மருத்துவத் துறையில் புதிய இயந்திரம் ஒன்றை ஏற்பதா, தள்ளுவதா, எவ்வளவில் ஏற்பது என்று முடிவு செய்யும் எவரும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டியவராவர்.

அம்முடிவில் பெரும்பங்கு அறுவை மருத்துவரின் மனப்பாங்கைப் பொறுத்தது. அரசு இயந்திரத்தை வாங்கித் தரலாம். மருத்துவர் விரும்பாவிடில் அது உறையிட்டு மூடிய பொருளாகக் கிடக்கும். மருத்துவர் அளவு கடந்து விரும்பினால், தேவையில்லாத நோயாளிக்கும் அது பயன்படுத்தப்படும். எனவே இம்மனப்பாங்கு எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய்வது மருத்துவ மாணவருக்கு மட்டுமன்றி, பொதுப்பணத்தைச் செலவிடும் அலுவலருக்கும் இன்றியமையாததாகும்.

ரோபோ என்பது யாது?

ரோபோ அறுவை என்றவுடன் இயந்திர மனிதன் ஒருவன் கத்தியை ஏந்தி நிற்பதாகக் கற்பனை செய்வோர் பலர். உண்மை நிலை வேறு. நோயாளியின் வயிற்றில் சிறு துளைகள் இடப்பட்டு, அவற்றின் வழியே ஒளிப்படக் கருவியும் மெல்லிய கருவிகளும் செலுத்தப்படுகின்றன. இக்கருவிகள் இயந்திரக் கைகளில் பொருத்தப்பட்டிருக்கும். அறுவை மருத்துவர் சில அடி தள்ளி, ஓர் இயக்க மேடையின் முன் அமர்ந்து, முப்பரிமாணமாகவும் பன்மடங்கு பெரிதாகவும் தெரியும் காட்சியைப் பார்த்தவாறு தம் விரல்களை அசைக்கிறார். அவ்வசைவுகளை இயந்திரக் கைகள் நோயாளியின் உடலினுள் நுண்ணிய அளவில் திரும்பச் செய்கின்றன. மருத்துவர் கையின் இயல்பான நடுக்கம் வடிகட்டப்படுகிறது. கருவியின் நுனி மனித மணிக்கட்டைப் போல் வளைந்து திரும்புகிறது. மருத்துவர் கையை எடுத்துவிட்டால் இயந்திரம் அசையாது. ஆகவே முதியவரின் முதற் கேள்விக்கு விடை தெளிவானது: அறுப்பவர் மருத்துவரே, இயந்திரம் அவர் கையின் நீட்சியே.

இவ்வேறுபாடு மருத்துவர்களின் மனப்பாங்கைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவதாகும். புராஸ்டேட் அறுவைக்கு ரோபோவைப் பயன்படுத்தும் முயற்சி இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980-களின் இறுதியிலேயே தொடங்கியது. 'புரோபாட்' எனப்பட்ட அந்த இயந்திரம், முன்கூட்டியே வகுத்த அளவுகளின்படி சுரப்பியின் திசுவைத் தானாகச் செதுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. 1991-ல் நோயாளிகளிடமும் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அது பரவலான வழக்கிற்கு வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற 'டா வின்சி' இயந்திரமோ சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. முன்னது தானே இயங்கியது. பின்னது மருத்துவரின் கைக்குக் கீழ்ப்படிந்தது. இயந்திரங்களின் வெற்றி தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், தம் கையிலிருந்த முடிவு செய்யும் உரிமை தம்மிடமே தங்கியதால் மருத்துவர்கள் பின்னதை எளிதில் ஏற்றனர் எனக் கொள்ள இடமுண்டு.

சிறுநீரியல் துறையின் தனி மரபு

அறுவைத் துறைகள் பலவற்றுள் யூராலஜி எனப்படும் சிறுநீரியல் துறையே ரோபோவை முதலில் பெருமளவில் ஏற்றது. இது தற்செயல் அன்று. உடலைத் திறக்காமல் உள்ளே நோக்கிச் சிகிச்சை செய்வது இத்துறையின் நூறாண்டு கடந்த மரபு. மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானிய மருத்துவர் சிறுநீர்ப்பையினுள் நோக்கும் கருவியை 1870-களின் இறுதியில் உருவாக்கினார். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திப் புராஸ்டேட் வீக்கத்தைச் சுரண்டி எடுக்கும் முறை 1920-களிலும் 1930-களிலும் வடிவம் பெற்றது. முதுகில் இட்ட சிறு துளை வழியாகச் சிறுநீரகக் கல்லை அகற்றும் முறை 1976-ல் சுவீடனில் விவரிக்கப்பட்டது. அதிர்வலைகளால் உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் முறை 1980-ல் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளியிடம் கையாளப்பட்டது. இவ்வாறு தலைமுறைக்கு ஒரு புதிய கருவியைக் கண்டு பழகியவர்கள் சிறுநீரியல் மருத்துவர்கள்.

மேலும், புராஸ்டேட் சுரப்பி இடுப்பெலும்பின் ஆழத்தில், கைக்கு எளிதில் எட்டாத குறுகிய இடத்தில் உள்ளது. புற்றுநோய் காரணமாக அதனை முழுவதும் அகற்றும்போது, சிறுநீரை அடக்கும் தசையையும் அருகே ஓடும் மெல்லிய நரம்புகளையும் காப்பாற்றுதல் வேண்டும். பின்னர்ச் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழலையும் நுணுக்கமாக இணைத்துத் தைக்க வேண்டும். இத்தையலைச் சாதாரண லாப்ராஸ்கோப்பி முறையில் நீண்ட விறைத்த கருவிகளால் போடுவது மிகக் கடினம். எனவே வளைந்து திரும்பும் கருவி நுனி இங்கே உண்மையான தேவையொன்றை நிறைவு செய்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இம்முறையை ஒழுங்குபடுத்தி உலகறியச் செய்தவர், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்ற டாக்டர் மணி மேனன் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. நம் நாட்டில் சிறுநீரியலில் ரோபோ அறுவை 2006-ல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தொடங்கியது. மும்பையில் தனியார் மருத்துவமனைகளோடு டாட்டா நினைவு மருத்துவமனையும் இம்முறையைக் கையாண்டு வருகின்றது.

மனப்பாங்கை உருவாக்கும் காரணிகள்

புதுமை சமுதாயத்தில் பரவும் முறையை வளர்ச்சியியல் மாணவர்கள் நன்கறிவர். எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் வெளியிட்ட நூலில், ஒரு புதுமையின் ஒப்பீட்டு நன்மை, நடைமுறை வாழ்வோடு அதற்குள்ள பொருத்தம், அதன் சிக்கல், சிறு அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, பயனைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஆகிய ஐந்தும் அதன் பரவலை நிர்ணயிப்பதாக விளக்கினார். பின்னர் 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், கணிப்பொறிப் பயன்பாட்டை ஆராய்ந்து, 'இது எனக்குப் பயன்படுமா?', 'இதைக் கையாள்வது எளிதா?' என்ற இரண்டு எண்ணங்களே ஒருவர் புதிய கருவியை ஏற்பதை முடிவு செய்கின்றன என்றார். அறுவை மருத்துவர்களின் மனப்பாங்கை ஆராய்வோரும் இக்கோட்பாடுகளைப் பயன்படுத்துகின்றனர்.

இவற்றை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பயன் பற்றிய எண்ணம். தெளிவான காட்சி, நடுக்கமின்மை, குறைந்த குருதியிழப்பு ஆகியவற்றை மருத்துவர் நேரில் காண்கிறார். நின்றவாறு கழுத்தை வளைத்துப் பல மணி நேரம் அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு முதுகுவலியும் கழுத்துவலியும் தொழில் நோய்களாகும். அமர்ந்து செய்யும் வசதி அவர்தம் பணிக்காலத்தை நீட்டிக்கவும் கூடும். இந்நன்மை நோயாளிக்கு நேரடியாக உரியதன்று; எனினும் மருத்துவரின் விருப்பத்தில் இதற்கும் பங்குண்டு.

இரண்டாவது, கையாளும் எளிமை. திறந்த அறுவையில் பழகிய மருத்துவர்கள் திசுவை விரலால் தொட்டு அதன் கடினத்தை உணர்ந்து முடிவெடுப்பவர்கள். தொடக்ககால ரோபோக்களில் இத்தொடு உணர்வு இல்லை. கண்ணால் பார்த்தே நூல் இறுகியதா என்று ஊகிக்க வேண்டும். பல்லாயிரம் முறை தொட்டுப் பெற்ற அறிவைக் கைவிட மூத்த மருத்துவர் தயங்குவது பழமைப் பற்று மட்டுமன்று. அதில் நியாயமும் உண்டு. விசையை ஓரளவு உணர்த்தும் புதிய மாதிரி ஒன்று 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மூன்றாவது, சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. புதிய நெல் வகையை ஏற்கத் தயங்கும் உழவர், வயலின் ஒரு மூலையில் அதைப் பயிரிட்டுப் பார்க்கலாம். விளைந்தால் மறு பருவத்தில் முழு வயலுக்கும் விரிவாக்கலாம். விரிவாக்க அலுவலர்கள் செயல்விளக்கத் திடல்களை அமைத்ததன் நோக்கமும் இதுவே. அறுவை மருத்துவருக்கு அத்தகைய மூலை இல்லை. அவர் முதன்முதலாகச் சோதிப்பதும் ஒரு முழு மனிதனின் உடலில்தான். போலி இயக்கப் பயிற்சிக் கருவிகளும், அனுபவமுள்ளவர் உடன் அமர்ந்து வழிகாட்டும் இரட்டை மேடைகளும் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. அத்தகைய பயிற்சி கிடைக்காத இடத்தில் மருத்துவர் காட்டும் தயக்கத்தைக் குறை கூறுதல் தகாது. அது நோயாளியின்பால் உள்ள பொறுப்புணர்வின் வெளிப்பாடு எனலாம்.

நான்காவது, சூழலின் அழுத்தம். தனியார் மருத்துவமனைகளுக்கிடையே போட்டி மிகுந்த நகரங்களில், இயந்திரம் இல்லாத மருத்துவமனை பின்தங்கியதாகக் கருதப்படும் என்ற அச்சம் நிலவுகிறது. விளம்பரத்தைக் கண்டு நோயாளியே ரோபோவைக் கேட்கிறார். இளம் மருத்துவர், இதில் பயிற்சி இல்லாவிடில் தம் எதிர்காலம் மங்கும் எனக் கருதுகிறார். இங்கு மனப்பாங்கை உருவாக்குவது மருத்துவச் சான்று அன்று, சந்தையே. அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது: புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ முறையில் அறுவை செய்து கொண்டவர்கள், திறந்த முறையில் செய்து கொண்டவர்களைவிடத் தம் முடிவு குறித்துப் பின்னர் வருந்துவது அதிகமாகக் காணப்பட்டது. புதுமை என்பதால் அவர்கள் மிகுதியாக எதிர்பார்த்ததே காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

சான்றுகள் கூறுவது என்ன?

இயந்திரம் பரவிய வேகத்திற்கு ஏற்ப ஆராய்ச்சிச் சான்றுகள் வளரவில்லை. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் அறுவைகளில் பெரும்பான்மை ரோபோ முறைக்கு மாறிய பின்னரே, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட முதல் பெரிய ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 ஆண்களைக் கொண்டு நடந்த அவ்வாய்வில், ரோபோ முறையில் குருதியிழப்பு வெகுவாகக் குறைந்தது; மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரி மூன்று நாளுக்கு மேல் இருந்ததினின்று ஏறத்தாழ ஒன்றரை நாளாகச் சுருங்கியது. ஆனால் சிறுநீரை அடக்கும் திறனிலும் இல்லற வாழ்வுத் திறனிலும் 12 வாரங்களிலும் சரி, 24 மாதங்களிலும் சரி, இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் இதே போக்கைக் காண்கிறோம். அமெரிக்காவில் 15 மையங்களில் 350 நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஈராண்டுகளில் நோய் முற்றாமல் வாழ்ந்தோர் ரோபோ பிரிவில் 72.3 விழுக்காடு, திறந்த அறுவைப் பிரிவில் 71.6 விழுக்காடு. பிரிட்டனில் ஒன்பது மையங்களில் 338 நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், முதல் 90 நாட்களில் உயிருடன் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் ரோபோ பிரிவில் 82, திறந்த பிரிவில் 80. நன்மை உண்டு, ஆனால் அது பிரமிப்பூட்டும் அளவினதன்று.

இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டிய மற்றோர் ஆய்வு 2007-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. திறந்த முறையில் புராஸ்டேட் புற்றுநோய் அறுவை செய்த 72 மருத்துவர்களின் 7,765 நோயாளிகளை ஆராய்ந்ததில், அதற்கு முன் 10 அறுவைகள் மட்டும் செய்திருந்த மருத்துவரிடம் ஐந்தாண்டுகளில் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு 17.9 விழுக்காடாகவும், 250 அறுவைகள் செய்திருந்தவரிடம் 10.7 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது, கருவி மாறாமலே, கைப்பழக்கம் ஒன்றினால் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தன. மேலே கூறிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வுகளில் நோய் கட்டுப்படுவதில் கருவி மாற்றத்தால் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அனுபவமே முதன்மையானது, கருவி அதற்கு அடுத்ததே என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

மும்பை தந்த முன்னுதாரணம்

புதிய கருவியைக் குறித்த இத்தகைய விவாதம் மும்பைக்குப் புதிதன்று. வயிற்றினுள் கருவியைச் செலுத்தி நோக்கும் லாப்ராஸ்கோப்பி முறையை 1972-ல் ஜே.ஜே. மருத்துவமனையில் அறிமுகப்படுத்தியவர் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா. வளரும் நாடுகளிலேயே முதன்முறையாக 1990-ல் இம்முறையில் பித்தப்பையை அகற்றியவரும் அவரே. தொடக்கத்தில் சக மருத்துவர்களில் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்கினர். பணக்கார நாடுகளின் ஆடம்பரம் ஏழை நாட்டுக்கு எதற்கு என்ற கேள்வி அன்று எழுந்தது.

இதற்கு உத்வாடியா கொண்டிருந்த கருத்து பொருளியல் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. நாட்கூலி வாங்கும் ஏழைக்கே இம்முறை மிகவும் தேவை. ஏனெனில் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு இழந்த கூலி. மருத்துவமனைக்கோ அது வேறொரு நோயாளிக்குக் கிடைக்காமற் போன படுக்கை. இவ்வாதம் வென்றது. ஆயினும் வாதம் மட்டுமே அவ்வெற்றியைத் தரவில்லை. சிறு நகரங்களில் பணிபுரிந்த மருத்துவர்களும் பயிற்சி பெற்றனர். எளிய கருவிகளைக் கொண்டு செய்யும் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. கருவிகளின் விலை குறைந்தது. இன்று லாப்ராஸ்கோப்பி மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் வழக்கமாகிவிட்டது. மருத்துவர்களின் ஐயம் மறைந்தது சொற்பொழிவினால் அன்று; பயிற்சியாலும் விலைக் குறைவாலும் கண்கூடான பயனாலுமே.

ரோபோவுக்கும் அதே வழி திறக்குமா என்பதே இன்றைய வினா. லாப்ராஸ்கோப்பியினால் திறந்த அறுவைக்கும் துளை அறுவைக்கும் இடையே ஏற்பட்ட வேறுபாடு பெரியது. லாப்ராஸ்கோப்பிக்கும் ரோபோவுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல அறுவைகளில் சிறியது. விலையில் உள்ள வேறுபாடோ மிகப் பெரியது.

செலவுக் கணக்கு

விளக்கத்திற்காக ஓர் எளிய கணக்கை எடுத்துக் கொள்வோம். இயந்திரத்தின் விலை 12 கோடி ரூபாய் என்றும், அதன் பயன்காலம் 10 ஆண்டுகள் என்றும், ஆண்டுப் பராமரிப்பு 80 லட்சம் ரூபாய் என்றும் கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 1.2 கோடி; பராமரிப்புடன் சேர்த்து 2 கோடி ரூபாய். ஆண்டுக்கு 100 அறுவைகள் செய்தால் ஒவ்வொன்றின்மீதும் இயந்திரச் செலவு மட்டும் 2 லட்சம் ரூபாய் விழும். 200 அறுவைகளாயின் 1 லட்சம். 400 ஆயின் 50,000. இயந்திரக் கைகளில் பொருத்தும் கருவிகளின் செலவு தனி. அவற்றிற் பல, பத்து முறை அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான முறை பயன்படுத்தியபின் தாமே செயலிழக்குமாறு தயாரிப்பாளரால் வரையறுக்கப்பட்டவை.

எண்ணிக்கை உயர்ந்தால் செலவு குறையும் என்பது இக்கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வாங்கிய இயந்திரத்திற்கு வேலை கொடுக்க வேண்டுமென்ற நெருக்கடியில், அதன் தேவையில்லாத நோயாளியும் அதன்கீழ்க் கிடத்தப்படலாம். மருத்துவரின் மனப்பாங்கு நிர்வாகத்தின் கணக்கேட்டினால் வளைக்கப்படும் இடம் இதுவே.

லேபர் கேம்ப் முதியவரின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவர் இறுதியில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவர், அவருக்கு இருப்பது புற்றுநோய் அன்று, வயதினால் வரும் வீக்கமே என்று உறுதி செய்து, சிறுநீர்ப் பாதை வழியாகச் செய்யும் வழக்கமான அறுவையே போதுமென்றார். ரோபோவுக்கு அங்கே வேலையில்லை. சில நாட்களில் அவர் வீடு திரும்பினார். மகனும் தையல் வேலைக்குத் திரும்பினார். கடன் வாங்கும் தேவை எழவில்லை. வயது முதிர்ந்த ஆண்களில் மிகப் பலருக்கு வரும் வீக்கத்திற்கும், சிறுநீரகக் கற்களுக்கும் பெரும்பாலும் ரோபோ தேவைப்படுவதில்லை. ஒரு பொது மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் வரிசையில் நிற்போரில் பெருந்தொகையினர் இவர்களே. புராஸ்டேட் புற்றுநோய்க்கான முழு அறுவை, சிறுநீரகக் கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அறுவை போன்ற சிலவற்றிலேயே அது தன் தகுதியைக் காட்டுகிறது.

அரசுத் துறையின் பங்கு

ஏழை நோயாளிக்கு இத்தொழில்நுட்பம் எட்ட வேண்டுமாயின் அது பொதுத்துறை வழியாகவே எட்ட முடியும். தமிழ்நாட்டில் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 34.60 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவை மையம் 2022-ல் தொடங்கப்பட்டது. தனியார் துறையில் மட்டுமே வளர்ந்துவந்த திறனை அரசு மருத்துவரும் பெறுவதற்கு இது வழி வகுத்தது. பயிற்சி அரசுத் துறையில் கிடைக்காவிடில், திறமையுள்ள இளம் மருத்துவர்கள் அதனைத் தேடித் தனியார் துறைக்குச் செல்வது இயல்பு.

விலைக் குறைப்பிலும் முயற்சிகள் நடைபெறுகின்றன. குருகிராமில் உருவாக்கப்பட்ட 'எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா' என்னும் உள்நாட்டு இயந்திரம் 2022-ல் இந்திய அனுமதி பெற்றது. போட்டி பெருகினால் விலை இறங்கும். ஒரே வெளிநாட்டு நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் நிலையும் மாறும்.

காப்பீட்டுத் துறையில், தனியார் காப்பீட்டுத் திட்டங்களும் ரோபோ அறுவையை முற்றிலும் விலக்கக் கூடாதென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பணித்தது. எனினும் நிறுவனங்கள் உச்சவரம்பு விதிக்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-ல் தொடங்கி, 2024 அக்டோபர் முதல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. புராஸ்டேட் நோய்கள் மிகுந்து காணப்படும் வயதினர் இவர்களே என்பதால், எம்முறைக்கு எவ்வளவு தொகை என்று நிர்ணயிக்கும் அலுவலரின் முடிவு மருத்துவரின் தேர்வை நேரடியாகப் பாதிக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. புதுமை என்றால் விலையுயர்ந்தது என்ற எண்ணம் தவறு. லேபர் கேம்ப் மக்கள் நாடிச் செல்லும் சயான் மருத்துவமனையிலேதான், ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கப்பட்டது. பாலைச் சேகரித்து, பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைக்கு ஊட்டும் எளிய ஏற்பாடு அது. அதனை ஏற்பதற்கும் மருத்துவர், செவிலியர், தாய்மார் ஆகியோரின் மனப்பாங்கு மாற வேண்டியிருந்தது.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து அலுவலர்களும் மருத்துவ நிர்வாகிகளும் கருத்தில் கொள்ளத்தக்க சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று: இயந்திரத்தை வாங்குமுன் அம்மருத்துவமனையில் அதற்குத் தகுதியான அறுவைகள் ஆண்டுக்கு எத்தனை என்று கணக்கிடுதல் வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று என்று பரப்புவதைவிட, மண்டலத்துக்கு ஒரு மையத்தில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒருங்கு சேர்ப்பதே செலவுக்கும் கைப்பழக்கத்துக்கும் ஏற்றது. தொலைவிலிருந்து வரும் நோயாளியின் உடனிருப்பவர் தங்குவதற்கான வசதியும் இத்திட்டத்தின் பகுதியாக அமைய வேண்டும்.

இரண்டு: கொள்முதல் ஒப்பந்தத்திலேயே பராமரிப்பு, கருவிகளின் விலை, பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பேச வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு மட்டுமன்றி, மயக்க மருத்துவர், செவிலியர், அரங்க ஊழியர் ஆகியோருக்கும் உரியது.

மூன்று: மூத்த மருத்துவர்களின் தயக்கத்தை எதிர்ப்பாகக் கருதாமல், அவர்தம் திறந்த அறுவைத் திறனை இளைஞருக்குக் கற்பிக்கும் வாய்ப்பாகக் கொள்ளுதல் வேண்டும். நடு அறுவையில் இயந்திரம் நின்றுவிட்டால் நோயாளியைக் காப்பது அப்பழந்திறனே.

நான்கு: ஒவ்வொரு அறுவையின் விளைவும், யார் செய்தார், எம்முறையில் செய்தார், நோயாளி எந்நாள் வேலைக்குத் திரும்பினார் என்ற விவரங்களோடு பதிவு செய்யப்பட வேண்டும். புற்றுநோய்ப் பதிவேட்டை 1960-களிலேயே தொடங்கிய நகரம் மும்பை. அம்மரபை அறுவை விளைவுகளுக்கும் விரிவாக்குதல் அரிதன்று.

ஐந்து: நோயாளிக்கு உண்மையைக் கூறுதல் வேண்டும். அவருக்கு விளங்கும் மொழியில், அது தமிழாயினும் மராத்தியாயினும், இயந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது, அதன்றி வேறு வழி உண்டா என்று விளக்குவது மருத்துவரின் கடமையாகும்.

அறுவை மருத்துவரின் மனப்பாங்கு அவர் பணிபுரியும் இடத்தின் ஏற்பாடுகளிலிருந்து விளைவது. பயிற்சியும், போதிய எண்ணிக்கையில் அறுவைகளும், ஒளிவுமறைவற்ற விளைவுப் பதிவும் உள்ள இடத்தில் ஆர்வமும் எச்சரிக்கையும் சமமாக வளரும். இவை இல்லாத இடத்தில் ஆர்வம் விளம்பரமாகவும், எச்சரிக்கை அச்சமாகவும் திரியும். முதியவரின் இரண்டாம் கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை, தக்க அறுவைகளில் ஓரிரு நாட்கள் மிச்சமாகும் என்பதே. கூலி வாங்கும் குடும்பத்துக்கு அந்த ஓரிரு நாட்களும் சிறியவையல்ல. ஆனால் அந்நாட்களை மிச்சப்படுத்துவதற்காக அக்குடும்பம் பல ஆண்டுக் கடனைச் சுமக்குமாயின் அது முன்னேற்றமாகாது. ரோபோ அறுவைக்காகச் செலவிடப்படும் பொதுப்பணம் இக்கணக்கில் தேறுகிறதா என்பதை ஒவ்வோர் இடத்திலும் கேட்டறிவது மருத்துவருக்கும் அலுவலருக்கும் பொதுவான பொறுப்பாகும்.